சகலை வீட்டு டேப் டிரைவ்

மெஷினுக்குள்ளே மூன்று நாளாக ஒரு சத்தம். சாப்பிடும்போது கல் கடிபட்ட மாதிரி ஒரு ‘கறுக்’, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு ‘கறுக்’. பேட்டர்ன்காரர் பெட்டியின் மேல் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த மனைவி அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, அதுக்கு ஜுரமா?” என்றாள்.

“டிஸ்க்கு. போகப்போகுது.”

“போனா?”

“போனா எல்லாம் போச்சு. ஒன்பது வருஷம்.”

டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வெளியே மழை. தெருவில் தோல் ஏற்றிய வண்டி ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அந்தத் தெரு முழுக்க ஷூத் தொழில்தான். வெயிலானாலும் மழையானாலும் பசை வாசனை போகாது. ஷூ தைக்கிறவனைத் தெரியும், விற்கிறவனைத் தெரியும்; நடுவில் பேட்டர்ன் போடுகிறவன் என்று ஒருவன் இருப்பது போட்டுக்கொண்டு நடக்கிறவர்களுக்குத் தெரியாது. மரத்தில் செய்த கால் அச்சைப் பார்த்து, அதைத் தோல் எப்படிச் சுற்றி வர வேண்டும், எங்கே வளைய வேண்டும், எங்கே தையல் விழ வேண்டும் என்று துண்டு துண்டாக வரைந்து கொடுப்பது அவர் வேலை. ஒரு அளவில் வரைந்ததை முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை எல்லா அளவுக்கும் பெருக்க வேண்டும். முன்பெல்லாம் அட்டையும் கத்தியும் வைத்துக்கொண்டு முதுகு ஒடிந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி மூடியபோது, அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டரை, ஒர்க்ஸ்டேஷன் என்பார்கள், மனைவியின் வளையல்களை விற்று வாங்கினார். நானூறு மாடலுக்கு மேல் இப்போது அதற்குள்ளேதான் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒன்றும் கேட்பதில்லை. போன வருஷத்து பூட்ஸைக் கொஞ்சம் கழுத்து உயர்த்திக் கொடு, அதற்கு முந்தின வருஷத்துச் செருப்புக்கு ஒரு வார் சேர்த்துக் கொடு என்பார்கள். பழசு இருந்தால்தான் புதுசு. பழசு போனால் அவர் வெறும் ஆள்.

தப்பிக்க ஒரே வழி, மெஷினில் இருப்பதையெல்லாம் டேப்பில் நகல் எடுத்து வைப்பது. அதற்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். டேப் டிரைவ்.

அது சகலை வீட்டில் இருந்தது. அதுதான் கஷ்டமே.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். அதே தொழில், அதே மாதிரி மெஷின், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. தொழிலுக்கு இவருக்கு ஐந்து வருஷம் கழித்து வந்தவர். வந்தவர் சும்மா வந்தாரா? தலைமுடி ஒன்றுகூட நரைக்காமல் வந்தார். சக்கரம் வைத்த நாற்காலி, கண்ணாடிக் கதவு, வாசலில் பெயர்ப்பலகை என்று வந்தார். பேட்டர்ன்காரர் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கேட்டால், “என்னத் தெரிஞ்சவன் வருவான்” என்பார். அப்படிச் சொல்லிவிட்டு சகலையின் பலகையில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சகலை ஆரம்பித்தார். “புது டேப் டிரைவ் வாங்கிட்டேன் அத்தை. புத்தம் புதுசு. பெட்டி பிரிச்சது நான்தான்.”

“அப்படின்னா என்ன மாப்பிள்ளை?” என்று மாமியார் கேட்டார்.

“இப்ப வீடே எரியுதுன்னு வச்சுக்குங்க. என் வேல எரியாது. இத்துனூண்டு டேப்பு, தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெருசு. அதுல மொத்தமும் அடங்கிடும். சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடந்து வெளிய வந்துடலாம்.”

மாமியார் அப்படியே கழுத்தைத் திருப்பிப் பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தார். “உங்ககிட்ட அது இல்லையா?”

கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். பேட்டர்ன்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. வாயில் இருந்த ரொட்டித் துண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. “தேவைப்படல அத்தை,” என்றார். அன்றைக்குத் தேவைப்படவும் இல்லை. சத்தம் வர ஆரம்பித்தது இப்போதுதான்.

மனைவிக்கு எல்லாம் தெரியும். டீக் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள். “தங்கச்சி வீட்டுத் தம்பிகிட்ட ஒரு நாள் அந்த டிரைவக் கேட்டு வாங்குங்களேன். குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறாரு?”

“குடுப்பான். பேஷா குடுப்பான். குடுத்துட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை உங்கம்மா முன்னாடி சொல்லுவான். அது மட்டுமா? என் மாடல் மொத்தமும் அவன் டிரைவ் வழியாப் போவும். அவன் வீட்டுல ஒரு நகல் தங்காதுன்னு யாரு கண்டா?”

“வாசல்ல கெடக்குற பேப்பரக்கூட எடுத்துக் குடுத்துட்டுப் போற மனுஷன் அவரு.”

“பேப்பர் வேற, பேட்டர்ன் வேற.”

“அப்ப வாங்குங்க.”

“வாங்குறேன்,” என்றார், ஏதோ சட்டை வாங்குகிற மாதிரி.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு. கழுத்தில் டை கட்டிய பையன் விலையைச் சொன்னான். பேட்டர்ன்காரர் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் கேட்டார். அவன் கொஞ்சம் உரக்கச் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த விலைக்கு அவருடைய மெஷினைப் போல இன்னொன்றை வாங்கி, குடையும் ஒன்று வாங்கலாம். “மாடல் பாத்துட்டு வரேன்,” என்று சொல்லி வெளியே வந்து மழையில் நின்றார். சகலை இதை எப்படி வாங்கினான்? அந்தக் கேள்வி பஸ் ஏறும் வரைக்கும், இறங்கிய பிறகும் கூடவே வந்தது.

பிறகு பழைய சாமான் சந்தை. அது சனிக்கிழமைதோறும் கூடும். மூடிய ஆபீஸ்களில் இருந்து வந்த டைப்ரைட்டர், மின்விசிறி, போன், கம்ப்யூட்டர் எல்லாம் சாக்குமேல் குவிந்து கிடக்கும். அங்கே ஒயர்க்காரர் என்று ஒருவர். கழுத்தில் எப்போதும் நாலு கேபிள் தொங்கும். பேட்டர்ன்காரர் கேட்டதும், “டேப்பு டிரைவா? இருக்கே!” என்று குவியலுக்குள் தலையை விட்டு ஒன்றை இழுத்தார். அதற்குக் கேபிள் இல்லை. அடுத்த வாரம் கேபிளோடு ஒன்று வந்தது. அதன் வாய் இவருடைய மெஷினுக்குச் சேரவில்லை. அதற்கடுத்த வாரம் எல்லாம் சேர்ந்தது. போட்ட டேப்பை அது விழுங்கிவிட்டுத் திருப்பித் தரவில்லை.

“பசி போலிருக்கு,” என்றார் ஒயர்க்காரர்.

“விளையாடாதீங்கய்யா. எனக்கு வயித்துப் பொழப்பு.”

“எனக்கு மட்டும் என்ன, பொழுதுபோக்கா? அடுத்த சனிக்கெழமை வாங்க. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒண்ணு காலி பண்றாங்க. அங்க இருக்கும்.”

மூன்று சனிக்கிழமை இப்படி வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாவது சனிக்கிழமை திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது முட்டி மேசையில் இடிக்கவில்லை. எப்போதும் இடிக்கும். எழுந்து பார்த்தார். யாரோ நாற்காலியின் திருகைச் சுற்றி நாலு விரல் உயரம் இறக்கியிருந்தார்கள்.

மனைவி அந்த நாற்காலியில் உட்காருவதே இல்லை. அளவு எழுதிக் கொடுப்பதென்றால் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொள்வாள். அவர் மெஷினிடமே கேட்டார். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் இருந்தது: சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு மெஷின் அணைந்து எழுந்திருக்கிறது. பன்னிரண்டரை வரை யாரோ வேலை செய்திருக்கிறார்கள். போன சனிக்கிழமையும். அதற்கு முந்தின சனிக்கிழமையும். மூன்று நாளும் அவர் சந்தையில் சாக்குக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த நேரம்.

சகலை இவரைவிடச் சரியாக நாலு விரல் குட்டை. நாற்காலியைத் திரும்ப உயர்த்தாமல் சாட்சிக்கு அப்படியே விட்டுவைத்தார்.

அடுப்படிக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் இல்லாதப்ப யாராச்சும் வந்தாங்களா?”

“தங்கச்சி வந்தா.”

“அவ மட்டுமா?”

“வேற யாரு வரணும்?”

தலையைத் தூக்காமல் சொன்னாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அவருக்குப் பயம். சகலை வருகிறான், என் நாற்காலியில் உட்காருகிறான், என் மாடல்களை அள்ளிக்கொண்டு போகிறான், கட்டினவளும் கூட்டு. இப்படி ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒருவன் சாப்பிட்டு, தூங்கி, வேலையும் செய்தான் என்றால் அந்த நெஞ்சை என்னவென்று சொல்வது. பொறாமைக்கு ஒரு குணம் உண்டு, தனக்குச் சாட்சி தானே தேடிக்கொள்ளும். அந்த வாரம் சகலை தெருவில் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் இவரைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது.

நாலாவது சனிக்கிழமை ஒயர்க்காரர் வாக்கைக் காப்பாற்றினார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் டிரைவ். கனமான பழுப்பு நிறப் பெட்டி, சின்னப் புத்தகம் அளவுக்கு டேப். கேபிள் சேர்ந்தது. கடையிலேயே ஒரு மெஷினில் மாட்டிப் பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். இது பழைய ரகம், சகலையுடையதில் பாதி வேகம்கூட இருக்காது. இருக்கட்டுமே.

“டேப்பு அஞ்சு சும்மா தரேன்,” என்றார் ஒயர்க்காரர். “உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு.”

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார். டிரைவ் ‘விர்’ரென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. மூன்று மணி நேரம் கழித்துப் பச்சை விளக்கு நிலையாக எரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வாயெல்லாம் பல். அன்று தொடங்கி நாளுக்கொன்றாக ஐந்து நாளில் ஐந்து டேப்பையும் நிரப்பினார்.

“எடுத்தது சரியா இருக்கான்னு ஒண்ணையாவது திருப்பிப் படிச்சுப் பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

“பச்சை வெளக்கு எரியுதுல்ல? உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?”

“சும்மா கேட்டேன்,” என்று உள்ளே போய்விட்டாள்.

டேப்பை எடுத்து வைப்பது ஒன்று, நாலு பேர் பார்க்க வைப்பது ஒன்று. பேட்டர்ன் அறையில் ஒரு இரும்பு அலமாரி உண்டு. வெட்டிய அட்டைகளை அதன் கதவில் காந்தம் வைத்து மாட்டுவதுதான் அந்தத் தொழிலில் எல்லோர் வழக்கமும். கடைகளில் விற்கிற காந்தம் அட்டைக் கனத்துக்குத் தாங்காது; கெட்டுப்போன ஒலிபெருக்கியை உடைத்து உள்ளே இருக்கிற காந்தத்தை எடுப்பார்கள். பத்து அட்டையை ஒன்றாகப் பிடிக்கும், பிடுங்குவதற்கு ஒரு கை போதாது. பேட்டர்ன்காரர் ஐந்து டேப்பையும் ஒரு தகரத் தட்டில் நிறுத்தி, தட்டை அலமாரிக் கதவில் வாசலுக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு காந்தம் கொடுத்து அழுத்தினார். மேலே பெரிய எழுத்தில் ‘பேக்கப்’ என்று ஒரு அட்டை. அதற்கும் ஒரு காந்தம். பிறகு சகலையை டீக்குக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சகலை வந்தார். வாசலிலேயே கண்ணில் பட்டுவிட்டது.

“அடேயப்பா! சகல, டிரைவ் வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்ல!”

“இதெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க.”

“பெரிய டேப்பா? இன்னும் இதெல்லாம் ஓடுதா?”

“ஓடுது. இதுல எழுதுறத உங்களோட சின்ன டேப்பு டிரைவ்ல படிக்க முடியாது. அதுவும் ஒரு பாதுகாப்புதானே.”

“அப்ப என் டேப்ப இதுல படிக்க முடியாது, அதும் பாதுகாப்புதான்,” என்று சகலை சிரித்தார்.

பேட்டர்ன்காரர் சிரிக்கவில்லை. “ஆனா சகல, இந்த மெஷின் இருக்கே, யாரு எப்ப கை வச்சாங்கன்னு ஒண்ணு விடாம எழுதி வச்சுக்கும். சனிக்கெழமை, பதினோரு மணி, எல்லாம்.”

“நல்ல மெஷின்,” என்றார் சகலை. “யாரு கை வச்சா?”

முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. எவ்வளவு தேர்ந்த நடிகன் என்று பேட்டர்ன்காரர் வியந்தார். மனைவி அவசர அவசரமாக உள்ளே இருந்து வந்து, “முட்டை இன்னொண்ணு வைக்கட்டுமா தம்பி? ரொட்டி ஆறுது பாருங்க,” என்று தட்டை நிரப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, சத்தம் நின்றது. ‘கறுக்’ இல்லை, எதுவும் இல்லை. திரையில் இரண்டு வரி வந்து அதுவும் நின்றுவிட்டது. அன்றைக்கென்று பூட்ஸ் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். மூன்று வருஷத்துக்கு முந்தின மழைக்கால பூட்ஸ், கழுத்தை இரண்டு விரல் உயர்த்தி, எல்லா அளவிலும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். “முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க சகலைகிட்ட குடுத்துடறேன். எங்க போனாலும் ஒரே குடும்பம்தானே?”

“வெள்ளிக்கெழம காலைல வரும்,” என்றார் பேட்டர்ன்காரர். டிஸ்க் போனதில் அவர் கலங்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. நான் தயாராக இருந்தேன் பார் என்று மாமியார் வீட்டில் சொல்வதற்கு ஒரு கதை ஆயிற்றே.

மெக்கானிக் புது டிஸ்க் மாட்டினார். பேட்டர்ன்காரர் கல்யாணத் தாம்பூலம் மாதிரி தகரத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் டேப் போட்டார்கள். டிரைவ் இழுத்தது, நின்றது, சிவப்பு விளக்கு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவதில் நாலைந்து பெயர் திரையில் வந்தது, பிறகு சிவப்பு. நாலாவதும் ஐந்தாவதும் சிவப்பு.

“டிரைவ் நல்லாத்தான் இருக்கு,” என்றார் மெக்கானிக். “டேப்ல ஒண்ணும் இல்ல. அழிஞ்சிருக்கு. எங்க வச்சிருந்தீங்க?”

பேட்டர்ன்காரர் கையைக் காட்டினார். மெக்கானிக் அலமாரிப் பக்கம் போனார். ஒரு காந்தத்தைப் பிடுங்கப் பார்த்தார், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார்.

“இதுக்குப் பக்கத்துலயா?”

“அது அட்டை மாட்டுற காந்தம்.”

“அய்யா, டேப்ல எழுதுறதே காந்தத்தாலதான். இதுக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் வச்சாலே தொடச்சு விட்டுடும். நீங்க வேலி மாதிரி சுத்திக் கட்டியிருக்கீங்க.” சிரிக்க வந்தவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “நான் வரட்டுமா?” என்று கேட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பேட்டர்ன்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நானூறு மாடல். ஒவ்வொன்றையும் எந்த வருஷம், எந்தக் கம்பெனிக்கு, எந்த வளைவில் கோடு சரியாக வராமல் எத்தனை நாள் மாரடித்தோம் என்று அவருக்குத் தெரியும். டேப்பை ஒரு அலமாரிக்குள் போட்டு மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சகலை பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே வைத்தார். இதை அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டபோது கண்ணில் நீர் முட்டியது.

மனைவி வந்தாள். தையல் சாமான் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பா கையில் இருந்தது. நூல்கண்டுகளை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிது. மேலே அவள் கையெழுத்தில், ‘இவரோடது. எல்லாம்.’

அவர் டேப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “சகலை எடுத்ததா?”

“அவருக்கு எங்க எடுக்கத் தெரியும்?” என்றாள். “அவர் டிரைவ்ல வாரா வாரம் டேப் எடுக்கறதே தங்கச்சிதான். அவரு ஊரெல்லாம் பேசுவாரு, பொத்தான் எந்தப் பக்கம்னு தெரியாது. சனிக்கெழமை அவரு கம்பெனி கம்பெனியா ஆர்டர் வாங்கப் போயிடுவாரு. நீங்க சந்தைக்குப் போயிடுவீங்க. அவ காய்கறிப் பையில டிரைவ வச்சு, மேல ரெண்டு முட்டைக்கோசு வச்சு, பஸ்ல கொண்டு வருவா. நாங்க ரெண்டு பேரும் மாட்டி எடுப்போம். மொதல் வாரம் பாதியில நின்னுடுச்சு. ரெண்டாவது வாரம் படிச்சுப் பாத்தோம், கொஞ்சம் விட்டுப்போயிருந்துச்சு. மூணாவது வாரம்தான் சரியா வந்துச்சு.”

“நாற்காலி?”

“அவ குட்டைதானே. காலு தரைக்கு எட்டல.”

நாலு விரல் உயரத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் எரிந்த வயிறு. பேட்டர்ன்காரருக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. “எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டார். டேப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவளே மேலே சொன்னாள். “இப்ப இதப் படிக்க அந்த டிரைவ் வேணும். சனிக்கெழமை வரைக்கும் காத்திருந்தா பூட்ஸ் போயிடும். நீங்கதான் போய்க் கேக்கணும். ஆனா ஒண்ணு. தங்கச்சி எடுத்துட்டு வந்தது அவருக்குத் தெரியக்கூடாது. அந்த டிரைவுக்குத் துணி போர்த்தி வச்சிருக்காரு மனுஷன், தூசி தட்டக்கூட விட மாட்டாரு. பஸ்ல முட்டைக்கோசுக்கு அடியில போச்சுன்னு தெரிஞ்சா அவள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு.”

இரண்டு நிறுத்தம்தான். பேட்டர்ன்காரர் பஸ் ஏறாமல் குடை பிடித்துக்கொண்டு நடந்தே போனார், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக்கூடாதே என்று. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சகலை சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கால் அச்சு ஒன்றை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் பூப்போட்ட துணிக்கு அடியில் டிரைவ். உள்வாசலில் தங்கை நின்றாள். இவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“சகல,” என்றார் பேட்டர்ன்காரர். “டிஸ்க்கு போயிடுச்சு. என் டேப்பு எல்லாம் நானே காந்தம் வச்சு அழிச்சுட்டேன். உங்க டிரைவ் ஒரு நாள் வேணும்.”

சகலை கால் அச்சைக் கீழே வைத்தார். பிறகு, “என்னக் கேக்குறீங்களா?” என்றார்.

“உங்களத்தான்.”

“வாசல்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க. நானே எடுத்துட்டு வரேன். ஏம்மா, அந்தத் துணிய எடு, குடை எடு, நீயும் கெளம்பு!” அவர் கைகால் பரபரத்தது. “இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு ஸ்க்ரூட்ரைவர் கேட்டிருப்பீங்களா சகல? அத்தை எப்பப் பாத்தாலும் சொல்லுவாங்க, பெரிய மாப்பிள்ளை யார்கிட்டயும் எதுக்கும் கையேந்த மாட்டாருன்னு. நான் இருக்கும்போதே சொல்லுவாங்க. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்திருக்கீங்களா?”

பேட்டர்ன்காரர் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் எரிகிற வயிறு தம்முடையது ஒன்றுதான் என்று இருந்தார்.

திரும்பி வந்து மாட்டினார்கள். சகலை டிரைவைச் சுற்றிச் சுற்றி வந்து, “ஜாக்கிரதை, ஜாக்கிரதை,” என்றார். எதிலும் கை வைக்கவில்லை. மனைவி முக்காலியில் உட்கார, தங்கை அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கேபிள் எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே காட்டினாள். டேப் உள்ளே போனது. சத்தமே இல்லாமல் ஓடியது. திரையில் பெயர்கள் வர ஆரம்பித்தன. பள்ளிக்கூட ஷூ, நர்ஸ் ஷூ, வார் வைத்த செருப்பு, மூன்று வருஷத்துக்கு முந்தின மழைக்கால பூட்ஸ். வந்துகொண்டே இருந்தன. பேட்டர்ன்காரருக்கு மூச்சு வந்தது.

சகலை திரைப் பக்கம் குனிந்தார். “நானூறுக்கு மேலயா?” என்றார். அந்தக் குரலை பேட்டர்ன்காரருக்கு நன்றாகத் தெரியும்; பஸ் ஜன்னலில் எட்டிப் பார்க்கும்போது தமக்குள்ளே கேட்கிற குரல். “பொய் சொல்ல மாட்டேன் சகல. இதுல ஒரு நாளாவது கை வைக்கணும்னு நான் எத்தன தடவ நெனச்சிருக்கேன் தெரியுமா?”

பிறகு அவர் கண் டேப் உறைமேல் போனது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது நான் வாங்குற டேப்பாச்சே. ஒரு பெட்டியில ஒண்ணு கொறையுதேன்னு பாத்தேன். சகல, இத எந்த டிரைவ்ல எடுத்தீங்க? உங்களோடது பெரிய டேப்புல்ல? என்னோடதுல எப்ப எடுத்தீங்க?”

முக்காலியில் மனைவியின் முதுகு அசையவில்லை. தங்கை பேட்டர்ன்காரரைப் பார்த்தாள்.

இப்படி ஒரு சமயத்துக்குத்தான் பேட்டர்ன்காரர் இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தார். உன் டிரைவை ஓட்டுவது யார் என்று உனக்குத் தெரியுமா, உன் வீட்டிலிருந்து அது முட்டைக்கோசுக்கு அடியில் பஸ் ஏறி வந்தது தெரியுமா என்று ஒரே ஒரு வார்த்தை. மாமியார் வீட்டில் அடுத்த பத்து வருஷத்துக்கு சகலை தலை நிமிர முடியாது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கினார்.

“நான்தான் திருடினேன்,” என்றார்.

“என்னது?”

“ஒரு சனிக்கெழமை நீங்க இல்லாதப்ப வந்தேன். வீட்டுல யாருக்கும் தெரியாம டிரைவத் தூக்கிட்டுப் போயி, எடுத்துட்டு, கொண்டு வந்து வச்சுட்டேன். டேப்பும் ஒண்ணு எடுத்தேன். உங்ககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. பொறாமை. வேற என்ன.”

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். சகலையின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. பிறகு சிரித்தார் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தொடையைத் தட்டிச் சிரித்தார். “திருடுற அளவுக்கா! பெரிய மாப்பிள்ளை! என் டிரைவ! சகல, இந்த ஞாயித்துக்கெழம அத்தை முன்னாடி இத நான் சொல்லியே ஆகணும், கோச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க,” என்றார் பேட்டர்ன்காரர்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி திரும்பி ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து நாற்காலியின் திருகைச் சுற்றி நாலு விரல் உயர்த்தி, “உக்காருங்க, பூட்ஸ் வேலையப் பாருங்க,” என்றாள். அவர் உட்கார்ந்தார். முட்டி மேசையில் இடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, அதற்கப்புறம் வந்த எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சகலை அந்தக் கதையைச் சொன்னார். பேட்டர்ன்காரர் ஒவ்வொரு தடவையும், இப்போதுதான் கேட்கிறவர் மாதிரி, தட்டைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைத் தின்றார்.